டிசைனருக்குக் கோடு தெரிய வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூருக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் களைகட்டிவிடும். குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டி குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மலை மாடுகள், காங்கேயம் காளைகள் என்று பார்க்கவே கண் போதாது. வெளி மாநில வியாபாரிகளும் வருகிறார்கள்.

இந்தத் திருவிழாவுக்குத் தமிழில் ஒரு வெப்சைட் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேர் என்றைக்கு, சந்தை எந்தப் பக்கம், வண்டியை எங்கே நிறுத்துவது, மாட்டுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைத் திறக்கப் போகிறவர் ஏசி அறையில் பெரிய மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரு கையில் மாட்டுக் கயிறும் மறுகையில் போனுமாக வெயிலில் நிற்பார். கூட்டத்தில் நெட்வொர்க் திணறும்.

வழக்கமாக இந்த வேலை எப்படி நடக்கிறது? டிசைனர் ஃபோட்டோஷாப்பிலோ ஃபிக்மாவிலோ அகலமான பலகையில் ஒரு படம் வரைகிறார். மேலே தேரின் படம், அதன்மேல் பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே மூன்று பெட்டிகள். படம் வாட்ஸ்அப்பில் போகிறது. பார்த்தவர்கள் "சூப்பருங்க" என்கிறார்கள். படம் டெவலப்பர் கைக்கு வருகிறது, அவர் அதற்குக் கோடு, அதாவது கணினி நிரல், எழுதுகிறார். போனில் திறந்தால் தலைப்பு திரைக்கு வெளியே ஓடுகிறது, பெட்டிக்குள் வரி முட்டுகிறது. "மொபைல்ல உடையுது" என்ற பேச்சு தொடங்குகிறது. டிசைனர் டெவலப்பரைச் சொல்வார், டெவலப்பர் டிசைனரைச் சொல்வார். உள்ளபடி தப்பு அந்த இருவருக்கும் நடுவே போன படத்தில் இருக்கிறது. வெப்சைட் என்பது அகலம் மாறும், எழுத்து மாறும், ஆள் மாறும் ஒரு பொருள். அதைப் படமாக வரைந்து ஒப்புதல் வாங்கும் பழக்கம் அச்சுத் தொழிலிலிருந்து வந்தது.

டிசைனர்கள் நேரடியாகக் கோடிலேயே வடிவமைக்க வேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் 15 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது விருப்பம் சார்ந்த விஷயமாக இருக்கலாம். தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கு அதுதான் வழி என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு தலைப்பு படும் பாடு

அந்தத் திருவிழாப் பக்கத்தின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 'ஆடிப்பெருந்தேர்த்திருவிழா'. மொத்தம் 13 எழுத்து, நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பிரவுசர் கணக்குப்படி திரையின் அகலம் 360 பிக்சல்தான். தலைப்புக்கு உரிய பெரிய அளவில் வைத்தால் இந்தச் சொல் ஒரு வரியில் அடங்காது. பிரவுசர் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் வரியை மடக்கும். இடைவெளி இல்லாத சொல் திரையைத் தாண்டிக்கொண்டு போகும், பக்கமே பக்கவாட்டில் ஆடும்.

அவசரத்துக்கு டெவலப்பர் ஒன்று செய்வார். எங்கே வேண்டுமானாலும் சொல்லை உடைத்துக்கொள் என்று, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்துவிடுவார். ஓவர்ஃப்ளோ ராப் என்பது அதன் பெயர். சொல் திரைக்குள் வந்துவிடும். ஆனால் முதல் வரியில் 'ஆடிப்பெரு' என்று நின்று, அடுத்த வரி 'ந்தேர்த்திருவிழா' என்று தொடங்கும். ஈயத்தில் அச்சுக் கோத்த காலத்திலேயே, புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கக் கூடாது என்பது அச்சகங்களில் பால பாடம். பிரவுசருக்கு அது தெரியாது. தமிழ் தெரிந்த டிசைனருக்குத் தெரியும். ஆனால் அவர் கையில் கோடு இல்லை, படம்தான் இருக்கிறது. அவர் வரைந்த அகலத்தில் சொல் ஒரே வரியில் அழகாக நிற்கிறது. கோளாறு அவர் கண்ணுக்கே படாது.

கோடில் இதற்கு எளிய வழிகள் உண்டு. டபிள்யூபிஆர் என்று ஒரு சின்ன டேக் இருக்கிறது. தேவைப்பட்டால் இந்த இடத்தில் மடக்கிக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி அது. ஆடிப், பெருந், தேர்த், திருவிழா என்று சேருமிடம் ஒவ்வொன்றிலும் அதை வைத்துவிட்டால், அகலமான திரையில் ஒரே சொல்லாகவும் குறுகிய திரையில் பொருள் குலையாமல் மடங்கியும் நிற்கும். இன்னும் நல்லது, 'ஆடிப் பெருந்தேர்த் திருவிழா' என்று பிரித்தே எழுதிவிடுவது. இரண்டில் எது சரி என்பது மொழியும் வடிவமும் கோடும் ஒருசேரத் தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. மூன்று பேரிடம் மூன்று துண்டாக இருந்தால் அந்த முடிவு எடுக்கப்படாமலே போய்விடும்.

இப்போது அதே பக்கத்தை மூன்று கருவிகளில் திறந்து பாருங்கள். தனியாக எழுத்துரு எதையும் நாம் ஏற்றாவிட்டால், ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ் வரும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிர்மலா யூஐ வரும். ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் வரும். அந்த 'எம்என்' மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிக்கிறது. 1980-களிலிருந்து முரசு அஞ்சல் மூலமாகத் தமிழைக் கணினியில் ஏற்றியவர், ஆப்பிள் கருவிகளுக்கும் தமிழ் எழுத்து வடித்தவர். இந்த மூன்று எழுத்துருக்களுக்கும் அகலம் வேறு, உயரம் வேறு. ஒன்றில் இரண்டு வரியில் நிற்கும் தலைப்பு மற்றொன்றில் மூன்று வரிக்குப் போகலாம். படத்தில் ஒரே ஓர் எழுத்துருதான் இருக்கும், ஒரே ஓர் அகலம்தான் இருக்கும். அதை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்?

வரிகளுக்கு இடையே உள்ள உயரமும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் 'கீ' மேலே முட்டும், 'மூ' கீழே இடிக்கும். எழுத்தின் அளவைப்போல 1.6 மடங்கோ 1.7 மடங்கோ கொடுத்தால்தான் தமிழ் மூச்சு விடுகிறது. ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று அளக்க சிஎஸ்எஸ்ஸில் 'சிஎச்' என்ற அலகு உண்டு. அது பூஜ்யம் என்ற எண்ணின் அகலத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆங்கில நூல்கள் சொல்லும் 65 சிஎச் அகலத்தை அப்படியே எடுத்தால் தமிழில் அதைவிடக் குறைவான எழுத்துகளே அடங்கும். நம் 'ணை'யும் 'ஞா'வும் பூஜ்யத்தைவிட மிகவும் அகலம். ஆங்கிலப் பக்கத்தில் மெனுவை எடுப்பாகக் காட்ட எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டு, எழுத்துகளை விலக்கி வைப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. எழுத்துகளை விலக்கினாலோ சொல் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும். இரு பக்கமும் வரியைச் சமப்படுத்தினால் போன் திரையில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். ஆகவே தமிழ்ப் பக்கத்தில் எடுப்பைக் காட்ட அளவு, தடிமன், நிறம், வெற்றிடம் ஆகிய நான்கும்தான் கைக்கருவிகள். பிரியா ரவிச்சந்திரன் வடித்த கட்டமரான் எழுத்துரு ஒன்பது தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எந்தத் தடிமன் எந்த அளவில் வெயிலிலும் தெரியும் என்பதை போனைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொரு கோளாறும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பெட்டிக்குள் அடங்குவதற்காக வாசகத்தை இத்தனை எழுத்தோடு நறுக்கு என்று கோடில் எழுதியிருப்பார்கள். 'மாட்டுச் சந்தை' என்பதில் நமக்கு ஏழு எழுத்து. கணினிக்கு அது நடுவில் உள்ள இடைவெளியோடு 14 குறிகள். காலும் கொக்கியும் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறி. 13-இல் நறுக்கினால் 'மாட்டுச் சந்த' என்று நிற்கும். ஐகாரம் போய்விட்டது. நறுக்கும் வேலையை சிஎஸ்எஸ்ஸிடம் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தை எழுத்தாகவே எண்ணித் தரும் வசதியும் இப்போது பிரவுசர்களிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2010: ஒரு மாத இடைவெளியில் இரண்டு சேதிகள்

2010-க்கு வருமுன் கொஞ்சம் முன்கதை. 1990-களின் தொடக்கத்தில், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ எழுதிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். செய்யும் இடமும் பார்க்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன. பிறகு வந்த பிரவுசர்களில் திருத்தும் வசதி போய்விட்டது. 1994 அக்டோபரில் ஹோகோன் வியூம் லீ என்பவர் சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தார். வாசகம் ஓரிடம், அதன் தோற்றம் ஓரிடம் என்று பிரித்து வைக்கும் அந்த யோசனைதான் இன்றுவரை வெப்சைட்டுகளைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நடைமுறை வேறாகப் போயிற்று. ஃபோட்டோஷாப்பில் பக்கத்தை வரைந்து, துண்டு துண்டாக வெட்டி, டேபிளுக்குள் அடுக்கினார்கள். படத்தைக் கொடுத்தால் பிரவுசர் படிக்கும் எச்டிஎம்எல் கோடாக மாற்றித் தருவதையே தொழிலாக வைத்திருந்த சிறு கம்பெனிகள் இந்தியா முழுக்க இருந்தன.

வெப் என்பது காகிதம் அல்ல, அதன் நெகிழ்வை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் ஜான் ஆல்சாப் எழுதினார். அதிகம் பேர் காதில் விழவில்லை. 2007-இல் ஐபோன் வந்தது. 2010 மே 25 அன்று ஈதன் மார்காட் என்ற அமெரிக்க டிசைனர் ஒரு கட்டுரை எழுதினார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மீடியா குவெரி ஆகிய மூன்றையும் சேர்த்து, ஒரே பக்கத்தை எல்லாத் திரைக்கும் ஏற்றபடி செய்யலாம் என்று காட்டினார். இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'ரெஸ்பான்சிவ்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீட்டைத் தமிழக அரசு தன் பயன்பாட்டுக்கான தரமாக ஏற்றது அந்தச் சமயத்தில்தான். கொங்கு மண்ணில் தமிழுக்கு யூனிகோட் தரமாக ஏற்கப்பட்ட அதே கோடையில், உலகின் மறுகோடியில் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் என்ற வழி பிறந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை. என் கணக்கில், போனில் தமிழ் படிக்கும் இன்றைய வாசகர் அந்த இரண்டுக்கும் கடன்பட்டவர்.

அதற்கு முன்னால் இருந்த நிலையை இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1990-களில் மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் அந்நாட்டுக் கவிதைகளுக்கான இணையத்தளத்தில் தமிழை ஏற்றினார். முன்னோடிகள் பட்ட பாடு பெரியது. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. 'எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பு இல்லாத தமிழ்ப் பக்கம் அபூர்வம். எழுத்துரு இல்லாதவருக்குக் குப்பை கொட்டியதுபோல் தெரியும். அதற்குப் பயந்தே தலைப்பையெல்லாம் படமாக்கிப் போட்டார்கள்.

யூனிகோட் வந்தும் அந்தப் பழக்கம் விட்டதா? விடவில்லை. அதற்குக் காரணமும் டிசைனரின் கருவியில்தான் இருந்தது. பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகும். பிந்தைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். ஆனால் அது செட்டிங்கில் எங்கோ உள்ளே கிடந்தது. ஆகவே நம்மூர் டிடிபி சென்டர்களும் ஃபிளெக்ஸ் கடைகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன. நம் வெப் டிசைனர்கள் பலர் வந்தது அந்தக் கடைகளிலிருந்துதான். கோரல் டிராவில் கல்யாணப் பத்திரிகையும் கட்சி பேனரும் செய்து கைதேர்ந்தவர்கள், வண்ணம் பிடிபட்டவர்கள். அவர்கள் கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பாமினியில் அடித்த வாசகத்தை வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்து விழும். அதை மாற்றத் தெரியாதபோது வாசகம் மறுபடியும் ஜேபெக் படமாகப் போகும்.

படமாகப் போன வாசகத்தை எளிதில் தேட முடியாது, வெட்டி எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப முடியாது, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும். கண் தெரியாதவரின் போன் அதைப் படித்துச் சொல்லத் திணறும். பக்கத்தின் தலையிலேயே இது தமிழ் என்று 'டிஏ' என்ற இரண்டெழுத்துக் குறியைக் கோடில் போட்டுவைத்தால், திரையைப் படிக்கும் மென்பொருள் தமிழ்க் குரலில் வாசிக்கும். இந்த ஒரு குறி எத்தனை தமிழ்ப் பக்கங்களில் ஆங்கிலம் என்றே கிடக்கிறது என்று சோதித்துப் பாருங்கள், வருத்தமாக இருக்கும்.

தறி தெரிந்தவர் வரைந்த பூ

படம் வரைகிறவருக்குச் செய்முறை தெரிய வேண்டும் என்பது கொங்கு நாட்டுக்குப் புதிய பாடம் இல்லை. சிறுமுகைப் பட்டுத் தறிகளில் ஜக்கார்டு பெட்டி இருக்கும். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கியது. பூவைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். ஓட்டை இருந்தால் பாவு நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த அட்டையைத்தான். தறியை அறியாதவர் தாளில் பெரிய பூவாக வரைந்துவிட்டால், நெய்யும்போது சேலையின் பின்பக்கம் நூல் நீளமாகத் தொங்கும், கொலுசில் மாட்டும். தறி தெரிந்தவர் வரையும்போதே நூல் எங்கே பிடிபட வேண்டும் என்று பார்த்துவிடுவார். இன்று அந்தக் கட்டத்தாள் கணினிக்குள் போய்விட்டது. நூலைப் பற்றிய அறிவு இல்லாமல் அங்கேயும் வேலை நடக்காது.

வேலை முறை எப்படி மாறும்?

கோடில் வடிவமைப்பது என்றால் பென்சிலைத் தூக்கிப் போட வேண்டும் என்பதில்லை. காகிதத்தில் நாலு கோடு இழுத்துப் பார்ப்பது எப்போதும் நல்லது. மாறுவது வரிசை.

முதலில் வாசகம் வர வேண்டும், அதுவும் உண்மையான தமிழ் வாசகம். 'லோரம் இப்சம்' என்ற பொருளற்ற லத்தீன் நிரப்பியைப் போட்டுத் தமிழ்ப் பக்கத்தை வடிவமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். நம் சொற்களின் நீளம் அதில் இல்லை, கொம்பும் கொக்கியும் இல்லை. அடுத்து அந்த வாசகத்தை வெறும் எச்டிஎம்எல்லில் வைக்க வேண்டும். தலைப்பு தலைப்பாகவும், பட்டியல் பட்டியலாகவும், தேதி அட்டவணை அட்டவணையாகவும் இருக்கட்டும். நிறம் இல்லை, படம் இல்லை. இந்த நிலையிலேயே போனில் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். தேர் என்றைக்கு என்பது திறந்ததும் தெரிகிறதா? தெரியாவிட்டால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது.

பிறகு எழுத்துரு, அளவு, வரி உயரம். அதன் பிறகே கட்டங்கள். 2017 மார்ச்சில் முக்கிய பிரவுசர்கள் அடுத்தடுத்து சிஎஸ்எஸ் கிரிட் வசதியைக் கொடுத்த பிறகு, பத்திரிகைப் பக்கம்போல் பத்தி பிரிப்பதும் பெட்டி அடுக்குவதும் சில வரிக் கோடில் முடிகிற காரியமாகிவிட்டன. பிரவுசரின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்கிக்கொண்டே பார்க்கலாம். எந்த அகலத்தில் தலைப்பு மடங்குகிறது, எந்த அகலத்தில் பெட்டி நெருக்குகிறது என்று கண்ணெதிரே தெரியும். அங்கேயே பிரவுசரின் 'இன்ஸ்பெக்ட்' வசதியைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் அந்த நிமிடமே பலன் தெரிகிறது. ஐகான் வரைவதும் சித்திரம் தீட்டுவதும் புகைப்படத்தைச் செப்பம் செய்வதும் கடைசியில் ஃபோட்டோஷாப்புக்கும் ஃபிக்மாவுக்கும் போகட்டும். அந்த வேலையில் அவற்றை மிஞ்ச ஆளில்லை.

இப்படிச் செய்யும்போது பக்கத்தின் எடையும் டிசைனர் கைக்கு வந்துவிடுகிறது. உலக அளவில் ஒரு வெப்சைட் பக்கத்தின் நடுத்தர எடை 2 எம்பியைத் தாண்டிவிட்டது. திருவிழாத் தகவல் பக்கத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. 2016-இல் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிந்ததென்னவோ உண்மை. ஆனால் பர்கூர் மலை ஏறிவிட்டால் சிக்னல் பல இடங்களில் ஒற்றைக் கோடுதான். தேரின் படத்தை எத்தனை எடையில் வைப்பது என்பது அழகு சார்ந்த முடிவு, மலையில் இருப்பவருக்குப் பக்கம் திறக்குமா என்ற முடிவும்கூட. ஒருவரே அதை எடுக்கும்போதுதான் சரியாக எடுக்கப்படும்.

பெரிய கம்பெனிகளில் நூறு பேர் சேர்ந்து செய்யும் மென்பொருளுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அங்கே படம் என்பது நூறு பேர் சேர்ந்து பேசுவதற்கான மேசை, அது தேவை. ஆனால் அங்கும் காற்று மாறிவிட்டது. 2016-இல் எல்லோருக்குமாகத் திறக்கப்பட்ட ஃபிக்மாவை 2022-இல் 2,000 கோடி டாலருக்கு வாங்க அடோபி முன்வந்தது, 2023 டிசம்பரில் அந்தப் பேச்சு முறிந்தது. அதே 2023-இல் ஃபிக்மா டெவலப்பர்களுக்கென்று தனி வசதி கொண்டுவந்தது. 2025-இல் சொன்னதைக் கேட்டுக் கோடாகவே செய்து தரும் வசதியையும் சேர்த்தது. படம் வரையும் கருவியே கோடை நோக்கி நடக்கும்போது, படம் மட்டும் வரைவேன் என்று டிசைனர் நிற்க முடியாது.

ஏஐ எழுதிக் கொடுக்கிறதே!

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி இதற்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். வாயால் சொன்னால் ஏஐ கோடு எழுதும், நாம் ஓட்டிப் பார்த்தால் போதும். திருவிழாப் பக்கம் ஒன்று செய் என்றால் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. பிறகு எதற்கு எச்டிஎம்எல் படிப்பது?

வந்த பக்கத்தைத் தமிழ்க் கண்ணோடு பாருங்கள். தனியாகச் சொல்லாவிட்டால் வரி உயரம் ஆங்கிலத்துக்கு ஏற்றபடி இருக்கலாம், மெனு எழுத்துகள் விலகி நிற்கலாம், மொழிக் குறி ஆங்கிலம் என்றே இருக்கலாம். தேவையில்லாத ஒரு பெரிய மென்பொருள் மூட்டையும் கூடவே வந்திருக்கலாம். இதில் எதுவும் கோடு படிக்கத் தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், எங்கே என்று சொல்ல வராது. படத்தை வாங்கி எச்டிஎம்எல்லாக மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு ஏஐ முடிவு கட்டுகிறது. வந்த கோடைப் படித்து, தமிழுக்கு இது ஆகாது, இந்த எண்ணை மாற்று என்று சொல்லத் தெரிந்தவரின் மதிப்பு ஏறுகிறது. அந்தியூர், கோபி, பவானிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ் வாசகத்தின் போக்கு அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கோடும் கைவந்துவிட்டால் பெங்களூரில் இருப்பவரால் எளிதில் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது.

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் லேப்டாப்போடு ஊர் திரும்பிய ஐடி பிள்ளைகளைக் கொங்கு நாட்டுச் சிற்றூர்கள் பார்த்தன. பெருந்துறையிலும் சத்தியமங்கலத்திலும் பொறியியல் கல்லூரிகள் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூவிலேயே கணினியைக் கையில் வாங்கிய தலைமுறை இது. கருவிக்குப் பஞ்சமில்லை. கற்றுக்கொள்ளும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. வெப் டிசைன் வகுப்பு என்றால் முதல் நாளே ஃபோட்டோஷாப் திறப்பது நிற்க வேண்டும். முதல் மாதம் முழுக்க எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும், பயிற்சி அத்தனையும் தமிழ் வாசகத்தில் என்று வையுங்கள். பயிற்சிக்குப் பொருளா இல்லை? பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, அதன் நெசவைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கம் செய்யலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ஏல விலையை போனில் தெளிவாகக் காட்டும் அட்டவணை செய்யலாம். வெற்றிலைக் கட்டின் அன்றைய விலையைச் சொல்லும் ஒற்றைப் பக்கம் செய்யலாம். இவற்றை உருப்படியாகச் செய்த மாணவர் எந்த நேர்முகத் தேர்விலும் தலைநிமிர்ந்து காட்டலாம்.

செலவும் பெரிதாக இல்லை. ஒரு பழைய லேப்டாப் போதும். கோடு எழுதுவதற்கான விஎஸ் கோட் இலவசம், பிரவுசர் இலவசம். மொசில்லா 2005-இல் தொடங்கிய எம்டிஎன் தளத்தில் சிஎஸ்எஸ்ஸின் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

இனி ஒரு வேண்டுகோள், வெப்சைட் செய்யக் கொடுக்கிறவர்களுக்கு. கோயில் கமிட்டியோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ பள்ளிக்கூடமோ கடையோ, யாராக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். "லிங்க் கொடுங்க" என்று கேளுங்கள். உங்கள் போனில் திறந்து, வீட்டிலேயே விலை குறைந்த போன் வைத்திருப்பவரிடமும் திறக்கச் சொல்லி, மேலிருந்து கீழ்வரை தமிழை வாய்விட்டுப் படியுங்கள். தலைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எழுத்தாகத் தேர்வாகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் அது படம், திருப்பி அனுப்புங்கள். புள்ளி எழுத்தில் வரி தொடங்கினாலும் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் டிசைனர்கள் கோடு கற்றே தீர்வார்கள்.